‘வேண்டாம்’ என்ற வாக்கும் அதன் பின்னும்

1958ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 28ஆந் திகதி, மேற்காபிரிக்காவின் கரையோர நாடாகிய கினியில் ஒரு சர்வசன வாக்கெடுப்பு நிகழ்ந்தது. பிரான்சு புதிதாக அமைக்க முனைந்த ‘பிரெஞ்சுச் சமுதாயம்’ என்னும் கூட்டமைப்பில் அந்நாடு இருப்பதா, அன்றி அதனின்றும் விலகுவதா என்பதே மக்கள் முன் வைக்கப்பட்ட வினா. ‘வேண்டாம்’ என வாக்களித்தோர் 1,136,324 பேர். ‘ஆம்’ என்றோர் 56,981 பேர். நான்கு நாள் கழித்து, ஒக்டோபர் 2ஆந் திகதி, கினி சுதந்திர நாடாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆபிரிக்காவிலிருந்த பிரெஞ்சு ஆள்புலங்களுள் அன்று அவ்வாறு வாக்களித்தது இஃது ஒன்றே.

இவ்வாக்கெடுப்பைப் பற்றி இரண்டு கதைகள் வழங்கி வருகின்றன. பாரிசிலும் அதன் நண்பர் வட்டாரங்களிலும் சொல்லப்படுவது ஒன்று: கூட்டைவிட்டு வெளியேறியோர் கதியைப் பாருங்கள், வறுமையும் சிறைக்கூடமுமே அவர்கள் கண்ட பலன் என்பது. முற்போக்கு ஏடுகள் நெடுங்காலம் சொல்லிவந்தது மற்றொன்று: ஒரு சிறிய நாடு தலைநிமிர்ந்தது, ஏகாதிபத்தியம் அதன் கழுத்தை நெரித்தது, பின்னர் நேர்ந்த கேடெல்லாம் அந்நெரிப்பின் விளைவே என்பது. இரண்டாவது கதையில் உண்மை மிகுதி என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் இரண்டு கதைகளுமே ஒரு கேள்வியைக் கேளாது விடுகின்றன. அந்த வாக்கை ஆக்கியவர்கள் யார்? வாக்களித்த மறுநாள் தொடக்கம் அவர்கள் நிலை யாதாயிற்று?

முதலில் அக்கூட்டமைப்பின் தன்மையை நோக்குவோம். 1958ஆம் ஆண்டு மே மாதத்தில் அல்ஜீரியப் போர் பிரெஞ்சு அரசையே கவிழ்க்கும் நிலைக்குக் கொண்டுவந்தது. ஆட்சிக்கு அழைக்கப்பட்ட தளபதி டி கோல் புதிய அரசியல் யாப்பொன்றை வரைவித்தார். அதன்படி ஆபிரிக்க நாடுகளுக்கு உள்நாட்டுச் சுயாட்சி உண்டு. வெளிநாட்டுத் தொடர்பு, பாதுகாப்பு, நாணயம், பொதுப் பொருளாதாரக் கொள்கை, போர்முறை முக்கியத்துவம் வாய்ந்த மூலப்பொருள்கள் ஆகியன கூட்டமைப்பின் கையில், அதாவது நடைமுறையிற் பாரிசின் கையில் இருக்கும். வீட்டின் உள்ளறைகளைப் பெருக்கும் உரிமை ஆபிரிக்கருக்கு. வாசற் கதவின் திறவுகோலும் பணப்பெட்டியும் பிரான்சுக்கு. யாப்பை ஏற்காத நாடு உடனே சுதந்திரம் பெறலாம், பிரான்சு அதற்குத் தடை செய்யாது, ஆனால் அதன் விளைவுகளை அந்நாடே ஏற்கவேண்டும் என்றார் டி கோல். வினா வாக்குச்சீட்டில் இருந்தது. அச்சுறுத்தல் அந்த ‘விளைவுகள்’ என்ற சொல்லில் இருந்தது.

ஓகஸ்ட் 25ஆந் திகதி கினியின் தலைநகராகிய கொனாக்கிரியில் டி கோலும் செக்கூ தூரேயும் ஒரே மேடையிற் பேசினர். செல்வத்தோடு கூடிய அடிமை வாழ்விலும் சுதந்திரத்தோடு கூடிய வறுமையே மேல் எனத் தூரே கூறியது உலகமெங்கும் பரவியது. ஆனால் அவ்வுரை முழுவதையும் வாசிப்போர் மற்றொன்றையுங் காண்பர். கூட்டமைப்பிலிருந்து பின்னர் விலகும் உரிமையை யாப்பில் எழுதித் தருமாறு அவர் கேட்டார். அதாவது பேரம் பேசும் கதவை அவர் அன்று முற்றாக அடைத்துவிடவில்லை. அவருடைய கட்சியாகிய கினி சனநாயகக் கட்சி ‘வேண்டாம்’ என்ற முடிவை முறைப்படி எடுத்தது செப்டெம்பர் 14ஆந் திகதி. வாக்கெடுப்புக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான். ஆசிரியர் சங்கமும் மாணவர் அமைப்பும் தொழிற்சங்கங்களும் அதற்கு முன்னரே தம் முடிவை அறிவித்துவிட்டன. தலைவர் மக்களை நடத்திச் சென்றார் என்று எழுதுவது எளிது. இவ்விடயத்தில் மக்கள் அமைப்புகளே தலைவரைத் தள்ளிச் சென்றன என்று கொள்வதே பொருந்தும்.

அவ்வமைப்புகளின் வலிமை ஒரே ஆண்டில் வந்ததன்று. 1953ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தம் கினியின் தொழிலாளரை உருவாக்கியது எனலாம். குடியேற்ற நாடுகளுக்கெனப் பிரெஞ்சுப் பாராளுமன்றம் இயற்றிய தொழிற்சட்டம் வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலையை வகுத்தது. வேலைநேரம் குறையும்போது கூலியுங் குறையாதிருக்க மணிக்கூலியில் 20 வீத உயர்வு வேண்டும் எனத் தொழிலாளர் கேட்டனர், முதலாளிமார் மறுத்தனர். வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. அது நீடித்தமைக்குக் காரணம் சங்க நிதியன்று. கிராமத்து உழவர் அரிசி அனுப்பினர். சந்தைப் பெண்கள் தம் வியாபாரப் பொருள்களைக் கொடுத்தனர். வேலைக்குத் திரும்ப எண்ணிய கணவரை மனைவியர் தடுத்து நிறுத்தினர். இறுதியில் தொழிலாளர் 20 வீதத்தைப் பெற்றனர். தபால் திணைக்களத்து இலிகிதராக வாழ்வைத் தொடங்கிய செக்கூ தூரே நாடறிந்த தலைவரானது இப்போராட்டத்தின் வழியாகவே.

கிராமங்களில் பிரெஞ்சு ஆட்சியின் முகமாக இருந்தவர்கள் ‘கன்டன்’ தலைவர்கள். வரி வசூலிப்பதும் கட்டாய வேலைக்கு ஆள் பிடிப்பதும் இவர்கள் தொழில். 1955இல் கட்சியின் பெண் ஊழியரான எம்பாலியா கமரா இத்தகைய தலைவர் ஒருவரால் வெட்டுண்டு இறந்தார். 1957 மார்ச்சுத் தேர்தலில் 60 இடங்களில் 56 இடங்களைக் கைப்பற்றிய கட்சி, அவ்வாண்டு முடியுமுன்னரே தலைவர் பதவிகளை ஒழித்துக்கட்டியது. இதன் பயன் அடுத்த ஆண்டிலே தெரிந்தது. வாக்கெடுப்பு நாளில் கிராமத்தாரை மிரட்டி ‘ஆம்’ என வாக்களிக்கச் செய்வதற்குப் பிரான்சின் கையாள் எவரும் கினியின் கிராமங்களில் எஞ்சியிருக்கவில்லை.

நைஜரில் நேர்ந்ததை இதனோடு ஒப்பிட்டால் உண்மை துலங்கும். அங்கும் ஜீபோ பக்கரி என்பவரின் அரசாங்கம் ‘வேண்டாம்’ என்றே பிரசாரஞ் செய்தது. அங்கோ தலைவர்கள் ஒழிக்கப்படவில்லை. வாக்கெடுப்புக்குச் சில வாரங்களின் முன் புதிய ஆள்பதி அனுப்பப்பட்டார். நிருவாக இயந்திரம் முழுவதும் ‘ஆம்’ என்னும் பக்கம் திருப்பப்பட்டது. வாக்காளரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் வாக்களிக்கவேயில்லை. அளிக்கப்பட்ட வாக்குகளில் முக்காற்பங்குக்கு மேல் ‘ஆம்’. பக்கரியின் கட்சி மறு ஆண்டே தடைசெய்யப்பட்டது.

இனி மறுநாட் கதை. வாக்கெடுப்பின் முடிவு வெளிவந்தவுடனேயே பிரான்சின் கட்டளை கொனாக்கிரிக்கு எட்டியது. பிரெஞ்சு உத்தியோகத்தர் இரண்டு மாத காலத்துள் அகற்றப்படுவர், நிதியுதவி நிறுத்தப்படும். நிருவாகிகள், வைத்தியர், ஆசிரியர், பொறியியலாளர் என ஏறக்குறைய மூவாயிரம் பேர் புறப்பட்டனர். தொலைபேசிகளைப் பிடுங்கிச் சென்றனர், மின்குமிழ்களையுங் கழற்றினர் என்பது அக்காலத்தை எழுதிய எல்லாரும் கூறும் செய்தி. மின்குமிழ்க் கதை வாசகர் மனத்தில் நன்கு பதிவது. ஆகவே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. எம் எண்ணத்தில் அதனிலும் கொடியது கோப்புகளின் அழிவு. குமிழை வேறிடத்தில் வாங்கலாம். காணிப் பதிவும் வரிக் கணக்கும் ஓய்வூதியக் கணக்கும் எரிந்துபோனால் அவற்றை எந்த நாட்டிலும் வாங்க முடியாது. இராணுவ வைத்தியர்கள் மருந்துகளையும் எடுத்துச் சென்றனர். இது யாருக்கு விழுந்த அடி என்பதைக் கூறவேண்டியதில்லை.

பிரான்சின் நோக்கம் கினியைத் தண்டிப்பது மாத்திரமன்று. ‘ஆம்’ என்று வாக்களித்த ஏனைய நாடுகளும் பார்த்துக்கொண்டிருந்தன. அவர்களுக்கான பாடமாகவே இது நடத்தப்பட்டது. ஆனால் பாடம் எதிர்பார்த்தபடி அமையவில்லை. 1960ஆம் ஆண்டு முடியுமுன்னரே அவையும் ஒவ்வொன்றாகச் சுதந்திரங் கேட்டுப் பெற்றன. டி கோலின் கூட்டமைப்பு இரண்டாண்டிற் செயலற்றுப் போயிற்று. 1995இல் அதைப் பற்றிய பிரிவுகள் பிரெஞ்சு யாப்பிலிருந்தே நீக்கப்பட்டன. அந்நாடுகள் இரத்தஞ் சிந்தாமற் பெற்ற சுதந்திரத்துக்குக் கினி ஒரு பகுதி விலையைக் கொடுத்திருந்தது. எனினும் அவற்றுட் பெரும்பாலானவை பிரான்சின் நாணய வலயத்தை விட்டு நீங்கவில்லை. ‘விலகுதல்’ என்பதன் உண்மையான சோதனை அங்கேதான் இருந்தது.

அந்நிய உதவி வந்தது; ஆனால் அளவாகவே வந்தது. கானாவின் குவாமே நிக்ருமா ஒரு கோடி பவுண் கடனாக வழங்க உடன்பட்டார். 1958 நவம்பரில் இரு நாடுகளும் ஒன்றியமாக இணைவதாக அறிவித்தன. டிசம்பர் 12ஆந் திகதி கினி ஐக்கிய நாடுகள் சபையில் அனுமதிக்கப்பட்டபோது பிரான்சு வாக்களியாது இருந்தது. மேற்குநாடுகள் பாரிசின் முகத்தைப் பார்த்துத் தயங்கிக்கொண்டிருக்க, கிழக்கு ஐரோப்பிய நாடுகள் வர்த்தக உடன்படிக்கைகளோடு வந்தன. 1959இல் சோவியத் நாடு மூன்றரைக் கோடி டொலர் பெறுமதியான கடனை வழங்கியது.

நாணயம் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். கினியிற் புழங்கியது பிரெஞ்சு ஆபிரிக்க ஆள்புலங்களுக்குப் பொதுவான பிராங்கு. 1958இல் அதன் ஒரு பிராங்கு பிரான்சின் இரண்டு பிராங்குக்குச் சமம். அந்த மதிப்புக்குப் பிரெஞ்சுத் திறைசேரி உத்தரவாதம். இதனால் விலைவாசி உறுதி பெற்றது உண்மையே. ஆனால் அந்நியச் செலாவணி ஒதுக்கு பாரிசில்; நாணயத்தை வெளியிடும் நிறுவனத்தின் தலைமையகமும் பாரிசில்; யாருக்குக் கடன் கொடுப்பது, எத்தொழிலுக்கு முதல் கொடுப்பது என்ற தீர்மானமும் அங்கேயே. விலகிய பின்னரும் கினி சிறிது காலம் இவ்வலயத்தில் இருந்தது. 1959 சனவரியில் அதற்கென ஓர் ஒப்பந்தமுஞ் செய்யப்பட்டது. ஆனால் பிரெஞ்சு வங்கிகள் கடனை இறுக்கிக்கொண்டால் அரசாங்கம் மூச்சுவிட முடியாது என்பது விரைவிலே தெரிந்தது. 1960ஆம் ஆண்டு மார்ச்சு 1ஆந் திகதி கினி தன் சொந்த நாணயத்தை வெளியிட்டது.

பிரான்சு இதற்கு அளித்த விடை கள்ள நோட்டு. பிரெஞ்சு இரகசியச் சேவை கினியின் நாணயத்தாள்களைப் போலியாக அச்சடித்து அந்நாட்டிற் புகுத்தியது. அரசுக்கெதிரான கும்பல்களுக்கு அயல்நாடுகளின் எல்லைவழி ஆயுதமுங் கொடுத்தது. இது கினி அரசாங்கத்தின் கற்பனை எனப் பாரிசு அக்காலத்தில் நகைத்தது. ஆனால் அச்சேவையின் ஆபிரிக்கப் பிரிவுக்குத் தலைவராக இருந்த மோரிஸ் ரொபேர் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் இச்சீர்குலைவு முயற்சிகளை ஒப்புக்கொண்டார்.

எனினும் நாணயத்தைக் கெடுத்தது கள்ள நோட்டு மாத்திரமன்று. வெளிநாட்டு வர்த்தகம் அரசின் ஏகபோகமாயிற்று. பின்னர் உள்நாட்டு வர்த்தகத்துக்கும் ஓர் அரச நிறுவனம் ஏற்பட்டது. ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகப் பழகிச் செய்த தொழிலைச் சில நூறு இலிகிதர்கள் பதிவேடு கொண்டு செய்ய முற்பட்டனர். துறைமுகத்திற் பொருள் கிடந்து பழுதாயிற்று. உள்ளூர்க் கடையோ வெறுமையாக இருந்தது. இந்நிலையில் மலைநாட்டுக் கோப்பிச் செய்கையாளன் யாது செய்வான்? அரச கடைக்கு விற்றால் கிடைப்பது ஒரு முழத் துணியும் வாங்கமுடியாத தாள். இரவோடிரவாக எல்லையைக் கடந்து ஐவரி கோஸ்டிலோ லைபீரியாவிலோ விற்றால் கையிற் செல்லுபடியாகும் பணம். கோப்பியும் மாடும் வைரமும் அவ்வழியே சென்றன. அவனைத் துரோகி என்று கட்சிப் பேச்சாளர் ஏசினர். அவனோ ‘வேண்டாம்’ என்று வாக்களித்த பதினொரு இலட்சம் பேருள் ஒருவன்.

இத்தனைக்கும் இடையில் அசையாது நின்றது ஒன்று உண்டு, அதுவே பெருமூலதனம். ஃபிரியா என்னுமிடத்தில் போக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும் பெருந்தொழிற்சாலை ஆண்டுக்கு 480,000 தொன் கொள்ளளவோடு 1960இல் இயங்கத் தொடங்கியது. ஆபிரிக்காவின் முதல் அலுமினாத் தொழிற்சாலை இதுவே. அதன் பங்குகளில் 48.5 வீதம் ஓர் அமெரிக்கக் கம்பெனியிடம். எஞ்சியவை பிரெஞ்சு, பிரித்தானிய, சுவிற்சர்லாந்து, மேற்கு ஜெர்மன் கம்பெனிகளிடம். வாக்கெடுப்பு முடிந்தபின் இவர்கள் குமிழைக் கழற்றிக்கொண்டு போகவில்லை. உலகின் போக்சைட் வளத்தில் பெரும்பங்கு கினியின் நிலத்தில் இருக்கையில் யாரே போவர்? புரட்சி பேசிய அரசாங்கமும் இத்தொழிற்சாலையை நீண்ட காலம் தொடவில்லை. 1973இல் 49 வீதப் பங்கை ஏற்றதோடு அமைந்தது. பிரான்சு கைவிட்டது எதுவெனில், கொங்கூரே ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுத்து நாட்டிலேயே அலுமினியம் உருக்கும் திட்டத்தை. அவ்வாற்றின் காலெத்தா அணை இயங்கத் தொடங்கியது 2015இலேயே. ஆகவே கினியின் செம்மண் அலுமினா மாவாக மாறி, உலோகமாகும் பொருட்டு வேற்று நாடுகளுக்குக் கப்பலேறியது. கோப்பிச் செய்கையாளனைப் பிடித்த காவற்காரன் இக்கப்பல்களைத் தடுத்து நிறுத்தவில்லை.

இக்கட்டுரையை வாசிப்போரிற் பலர் ஆசிரியத் தொழில் செய்வோர். ஆதலின் 1961ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து நிகழ்ச்சியை அவர்கள் விசேடமாக நோக்குதல் வேண்டும். கினி ஆசிரியர் சங்கத்தின் செயலாளர் கூமாந்தியான் கெய்த்தா 1958க்கு முன்னரே சுதந்திரத்துக்காகக் குரல் கொடுத்தவர். கட்சி தயங்கியபோதும் ‘வேண்டாம்’ என்றவர். மூன்றாண்டுக்குப் பின் அவருடைய சங்கம் ஆசிரியரின் சம்பளத்தையும் நிலையையும் பற்றி ஒரு மகசர் சமர்ப்பித்தது. வேறொரு நாட்டில் இது சாதாரணத் தொழிற்சங்க நடவடிக்கை. கினியில் இது அரசைக் கவிழ்க்கும் சதி எனப்பட்டது. சங்கத் தலைவர்கள் கைதாகிச் சில நாளிலேயே ஐந்தாண்டு முதல் பத்தாண்டு வரை சிறைத் தண்டனை பெற்றனர். அவர்களுள் ஒருவர் வரலாற்றாசிரியர் ஜிப்ரில் தாம்சிர் நியான். மாலிப் பேரரசின் சுந்தியாத்தாவைப் பற்றி வாய்மொழிப் பாணர் சொல்லிவந்த காவியத்தை அதற்கு முந்திய ஆண்டுதான் நூலாக வெளியிட்டுப் புகழ்பெற்றவர். தம் ஆசிரியருக்காக மாணவர் வீதிக்கு வந்தனர். படையினர் அவர்களை அடக்கினர், உயர்பாடசாலைகள் மூடப்பட்டன. டிசம்பரில் சோவியத் தூதுவர் டானியேல் சோலொட் இச்சதியிற் சம்பந்தப்பட்டவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்.

ஆசிரியரைச் சிறையிலிட்டது பிரான்சன்று. பிரான்சின் முற்றுகை இல்லாதிருந்தால் கட்சி இவ்வளவு அஞ்சியிராது என வாதிக்கலாம், அவ்வாதத்தில் வலுவுண்டு. 1960இல் பிடிபட்ட ஆயுதங்கள் உண்மையானவை. 1970 நவம்பர் 22ஆந் திகதி போர்த்துக்கேயப் படையினரும் அவர்களோடு சேர்ந்த கினி அகதிகளும் கடல்வழி வந்து கொனாக்கிரியைத் தாக்கியதும் உண்மை. ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை போர்த்துக்கலைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் மெய்யான சதி ஒன்று இருந்தமையால், பொய்யான சதி பத்துக்கு நம்பிக்கை கிடைத்தது. சம்பள உயர்வு கேட்பவனும் கள்ள நோட்டு அடிப்பவனும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டனர். பிரான்சுக்குக் கினியில் உண்மையாக இருந்த ஒரே எதிரி, 1953இலும் 1958இலும் வென்ற அந்தச் சுதந்திர மக்கள் அமைப்புகளே. அவற்றைக் கட்சி தன் கையாலேயே கலைத்தது. தொழிற்சங்கமும் மாணவர் சங்கமும் பெண்கள் அமைப்பும் கட்சியின் கிளைகளாயின. கிளையிலிருந்து மேலே செல்வது புகழ்ச்சி, கீழே வருவது கட்டளை என்றாயிற்று.

இதன்பின் நிகழ்ந்தவை மிகவுங் கொடியன, சுருங்கக் கூறுவோம். ‘ஆபிரிக்க நடனக் குழு’வை அமைத்து உலகப் புகழ் பெற்ற கெய்த்தா ஃபொதேபா, ஃபிரான்ஸ் ஃபனன் தம் நூலில் எடுத்தாண்ட கவிதையை இயற்றியவர், தூரேயின் அமைச்சராகிப் பாதுகாப்பு இயந்திரத்தை அமைத்தார்; 1969இல் புவாரோ முகாமில் அவ்வியந்திரத்தாலேயே மாண்டார். ஆபிரிக்க ஒற்றுமை நிறுவனத்தின் முதற் செயலாளர் நாயகமாக இருந்த தியல்லோ தெல்லி, உணவும் நீரும் மறுக்கப்பட்டு 1977இல் அதே முகாமில் இறந்தார். பெயர் தெரியாதோர் பல்லாயிரவர். இலட்சக்கணக்கானோர் அயல்நாடுகளில் குடியேறினர்; அந்நாடுகளிற் பல ‘ஆம்’ என்று வாக்களித்தவை என்பதைப் பாரிசுப் பத்திரிகைகள் குறிக்கத் தவறவில்லை.

எனினும் கினியின் மக்கள் அடங்கிப் போயினர் என்று எண்ணற்க. 1975இல் தனியார் வர்த்தகம் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. சந்தைகளைக் கண்காணிக்கப் ‘பொருளாதாரப் பொலிசு’ ஏற்பட்டது. ஒரு கூடை அரிசியோ ஒரு போத்தல் பனையெண்ணெயோ விற்கும் பெண்ணின் சாக்கைச் சோதிப்பதும் பறிப்பதும் இவர்கள் கடமை; பறித்ததில் ஒரு பங்கை வீட்டுக்குக் கொண்டுசெல்வது இவர்கள் வழக்கம். 1977 ஓகஸ்ட் 27ஆந் திகதி கொனாக்கிரியின் மதீனாச் சந்தையில் ஒரு பெண்ணின் பையைச் சோதிக்கப் போன பொலிசுக்காரனைச் சந்தைப் பெண்கள் சூழ்ந்துகொண்டனர். பொலிசு நிலையங்கள் தாக்கப்பட்டன. பெண்கள் சனாதிபதி மாளிகைக்கே ஊர்வலமாகச் சென்றனர். ஆண்டுக்கணக்காக எவரும் உரத்துப் பேசியிராத அவ்விடத்தில், தூரேயின் முகத்துக்கு நேரே அவர்கள் பேசினர். மறுநாள் மீண்டுங் கூடியபோது படையினர் சுட்டதிற் பெண்கள் இறந்தனர். கலகம் ஏனைய ஊர்களுக்கும் பரவியது.

தூரே இதனையும் சதி என்றே அழைத்தார். ஆனால் ஆசிரியரையும் மாணவரையும் அமைச்சரையும் அடக்கியதுபோல் நாட்டின் சந்தைப் பெண்கள் அனைவரையும் சிறையிலிட முடியவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் நகரம் உண்ணாது. பொருளாதாரப் பொலிசு கலைக்கப்பட்டது. சிறு வியாபாரத்துக்கிருந்த தடை அடுத்த ஈராண்டிற் படிப்படியாகத் தளர்ந்தது. 1953இல் வேலைநிறுத்தக்காரருக்கு அரிசி சுமந்து சென்ற பெண்களுக்கு அப்பொழுது ஐம்பது வயதளவில் இருக்கும். மதீனாவில் எழுந்த கூட்டத்தில் அவர்களிற் சிலரும் அவர்தம் புதல்வியரும் நின்றிருக்கக்கூடும். செக்கூ தூரே 1984 மார்ச்சு மாதத்தில் அமெரிக்க வைத்தியசாலை ஒன்றில் இறந்தார். ஒரு வாரங் கழித்து இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிப் புவாரோ முகாமின் கதவுகளைத் திறந்தது. நாணயம் மாத்திரம் பாரிசுக்குத் திரும்பவில்லை. பிராங்கு என்ற பெயரைத் தாங்கியபோதிலும், கினியின் நாணயத்தை இன்றும் கொனாக்கிரியிலுள்ள அந்நாட்டின் மத்திய வங்கியே வெளியிடுகிறது.